தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஓவிய, கைவேலைத் திட்டங்கள்: முழுமையான வழிகாட்டி

வகுப்புச் சுவரில் முப்பது காகித ஆந்தைகள் ஒட்டியிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே கண், ஒரே இறக்கை, ஒரே இடத்தில் ஒட்டிய மூக்கு. எது யாருடையது என்று கேட்டால் செய்த பிள்ளைக்கே தெரியாது. திருப்பிப் பின்னால் எழுதியிருக்கும் பெயரைப் பார்க்க வேண்டும். பார்வைக்கு அழகுதான். ஆனால் அத்தனை முடிவுகளையும் எடுத்தவர் ஆசிரியர். பிள்ளைகள் வெட்டி ஒட்டினார்கள், அவ்வளவே.

கீழே வரும் திட்டங்களை ஒரே ஒரு அளவுகோல் வைத்துத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். முடிந்த வேலைகளைப் பெயரில்லாமல் கலந்து போட்டாலும் ஒவ்வொரு பிள்ளையும் தன்னுடையதைச் சட்டென்று எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு நாம் செய்முறையைச் சொல்லித்தர வேண்டும், ஒரு விதியையோ கேள்வியையோ வைக்க வேண்டும், அப்புறம் விலகிக்கொள்ள வேண்டும். என்ன வரைவது, எங்கே வைப்பது, எந்த நிறம் என்பதெல்லாம் பிள்ளையின் பாடு.

முதலில் வயதைப் பாருங்கள்

பிள்ளைகளின் ஓவியம் வயதுக்கேற்ப மாறுவதைக் கலைக் கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947இல் நிலைகளாகப் பிரித்துக் காட்டினார். அவர் சொன்ன வயதுக் கணக்கு எல்லாருக்கும் அச்சாகப் பொருந்தாது. ஆனாலும் வகுப்பில் நிற்பவருக்கு அது நல்ல துணை.

நான்கு முதல் ஏழு வயது வரை பொருள்கள் தாளில் மிதக்கும். மனிதனுக்குத் தலையிலிருந்தே கால் முளைக்கும். முக்கியமானது பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருக்கும். ஏழிலிருந்து ஒன்பதுக்குள் தாளின் அடியில் ஒரு தரைக்கோடு வந்துவிடும். வானம் மேலே நீலப் பட்டையாக நிற்கும், நடுவில் வெறும் வெள்ளை. வீட்டை வரைந்தால் சுவரும் தெரியும், உள்ளே இருக்கும் கட்டிலும் தெரியும். இதையெல்லாம் தவறு என்று திருத்த வேண்டாம். 'வானம் தரை வரைக்கும் வரும்' என்று நீங்கள் சொன்னால் பிள்ளை உங்களுக்காகப் பூசும், நம்பிப் பூசாது. அது தானே பார்த்துக் கண்டுபிடிக்கிற காலம் வரும்.

உண்மையான சிக்கல் ஒன்பது வயதுக்கு மேல்தான். படம் நிஜமாக இருக்க வேண்டும் என்ற ஆசை வந்துவிடும், கை அதற்கு ஈடுகொடுக்காது. 'எனக்கு வரைய வராது' என்று ஒரு பிள்ளை முதன்முதலில் சொல்வது பெரும்பாலும் இந்த வயதில்தான். இவர்களுக்கு வெறும் பாராட்டு போதாது; அளப்பது, உற்றுப் பார்ப்பது, நிழல் போடுவது என்று கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது உத்தி கொடுக்க வேண்டும்.

ஆகவே ஆறேழு வயதுக்கு ஒரு வகுப்பில் ஒரே ஒரு புதிய செய்முறை. எட்டு, ஒன்பதுக்கு இரண்டு மூன்று கட்டமுள்ள வேலை. பத்து, பதினொன்றுக்கு இரண்டு மூன்று வகுப்புகளுக்கு நீளும் வேலை.

பொருள்கள்

செலவில் எதைக் குறைத்தாலும் தாளில் குறைக்காதீர்கள். நகலெடுக்கும் சாதாரண ஏ4 தாள் 70 முதல் 80 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) கனம்தான் இருக்கும். அதில் தண்ணீர் பட்டால் சுருளும், இன்னொரு தடவை பிரஷ் ஓடினால் கிழியும். பிள்ளை தன் கை சரியில்லை என்று நினைத்துக்கொள்ளும், குற்றம் தாளினுடையது. க்ரேயானுக்கும் போஸ்டர் கலருக்கும் 120க்குக் குறையாத தாள், வாட்டர் கலருக்கு 200க்கு மேல். நல்ல தாள் கொஞ்சம்தான் இருக்கிறதா? பாதியாக வெட்டிக் கொடுங்கள். சிறிய நல்ல தாள், பெரிய மோசமான தாளைவிட மேல்.

பிரஷ் இரண்டு போதும்: ஒன்று தட்டையாக, விரல் அகலத்தில், இன்னொன்று கூர்முனையோடு நடுத்தர அளவில். மெல்லிய பிரஷை முதலில் கொடுத்தால் பிள்ளைகள் பென்சிலாகவே அதைப் பிடித்துக் கோடு இழுப்பார்கள், வண்ணம் தீட்டப் பழகவே மாட்டார்கள்.

கத்தரிக்கோல் விஷயத்தில் இடதுகைப் பிள்ளைகளை மறந்துவிடுகிறோம். வலதுகைக் கத்தரிக்கோலை இடது கையில் பிடித்தால் வெட்டும் கோட்டை மேல் அலகு மறைத்துவிடும். அலகுகள் ஒன்றையொன்று அழுத்தாமல் விலகுவதால் தாள் வெட்டுப்படாமல் மடங்கும். வகுப்பில் இரண்டு மூன்று இடதுகைக் கத்தரிக்கோல் இருக்கட்டும். எல்லாருக்கும் பொதுவான பாடம் ஒன்று: வளைவை வெட்டும்போது கத்தரிக்கோலைத் திருப்பக் கூடாது, தாளைத் திருப்ப வேண்டும்.

வண்ணப் பெட்டியின் லேபிளைப் படித்து வாங்குங்கள். ஐரோப்பாவில் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்களுக்கான தரம் இ.என். 71. அமெரிக்கப் பொருள்களில் ஏ.எஸ்.டி.எம். டி-4236 என்று இருக்கும். பலர் இதைப் பார்த்துவிட்டு 'நச்சற்றது' என்று எண்ணிக்கொள்கிறார்கள். நாள்பட்ட தீங்கு ஏதும் இருந்தால் அதை லேபிளில் எழுத வேண்டும் என்ற விதிப்படி பொருள் பரிசோதிக்கப்பட்டது என்பதே அதன் பொருள். எச்சரிக்கை வாசகத்தையும் சேர்த்துப் படித்தால்தான் கணக்குத் தீரும். அதே நாட்டில் ஏ.பி. என்ற முத்திரை இருந்தால் அது நச்சற்றது. டர்பன்டைன், தெளிக்கும் பசை, சூடான பசைத் துப்பாக்கி ஆகிய மூன்றும் தொடக்க வகுப்புக்கு வேண்டாம். பளபளப்புத் தூளும் வேண்டாம் என்பேன். அது ஆபத்து என்பதால் அல்ல, எந்த மோசமான படத்தையும் அது தப்பிக்க வைத்துவிடும்.

நேரம்

45 நிமிட வகுப்பு என்றால் செய்து காட்ட ஐந்து நிமிடம், வேலைக்கு முப்பது, கழுவித் துடைக்கப் பத்து. செய்து காட்டும்போது முழுப் படத்தையும் முடித்துக் காட்டாதீர்கள். நீங்கள் ஒரு பூவை வரைந்துவிட்டால் வகுப்பு முழுக்கப் பூதான். ஒரு மூலையில் செய்முறையை மட்டும் காட்டி, அந்தத் தாளைப் பிள்ளைகள் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிடுங்கள்.

தண்ணீர்க் குவளை கவிழத்தான் செய்யும். அடி அகன்ற, கனமான குவளையில் பாதி மட்டும் ஊற்றுங்கள்.

திட்டம் 1: மெழுகும் நீரும் (6 வயது முதல்)

முதல் வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. க்ரேயானில் இருக்கும் மெழுகு நீரை ஏற்காது, தாள் ஏற்கும். அந்த ஒரு குணத்தை வைத்துத்தான் முழு வேலையும்.

1. 200 ஜி.எஸ்.எம். தாளில் வெள்ளை க்ரேயானால் எதையாவது வரையச் சொல்லுங்கள். வெள்ளைத் தாளில் வெள்ளை என்பதால் பிள்ளைக்குத் தான் வரைந்ததே தெரியாது. தாளைச் சாய்த்துப் பார்த்தால் மெழுகின் மினுமினுப்பு தெரியும்.

2. அழுத்தி வரைய வேண்டும். மேலோட்டமாகத் தேய்த்தால் தாளின் மேடுகளில் மட்டும் மெழுகு ஒட்டும், பள்ளங்களில் நீர் புகுந்துவிடும். 'க்ரேயான் உடைகிற அளவுக்கு' என்று சொன்னால்தான் சரியான அழுத்தம் வரும். நான்கைந்து உடையும். பரவாயில்லை, துண்டுகளும் வரையும்.

3. வாட்டர் கலரை நன்றாக நீர்க்கக் கரைத்து, தட்டைப் பிரஷால் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஒரே இழுப்பில் பூசவும். திரும்பத் திரும்பத் தேய்க்கக் கூடாது.

4. நீலம் பாய்ந்து போகும்போது வெள்ளைக் கோடுகள் எழுந்து நிற்கும். அந்த நொடியில் வகுப்பில் எழும் சத்தத்துக்குத் தயாராக இருங்கள்.

5. ஈரம் காய்வதற்குள் இரண்டாவது நிறத்தை ஒரு பக்கம் தொட்டால் இரண்டும் தாமாகக் கலந்து ஓடும். இங்கே நிறுத்தச் சொல்லுங்கள். மூன்றாவது நிறம் பெரும்பாலும் அழுக்காக்கும்.

போஸ்டர் கலரில் இது சரியாக வராது. கெட்டியான வண்ணம் மெழுகையும் மூடிவிடும். கையில் போஸ்டர் கலர்தான் இருக்கிறது என்றால் பால் பதத்துக்கு நீர் சேர்த்து, முதலில் ஒரு துண்டுத் தாளில் சோதித்துப் பாருங்கள்.

எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு விதி சேர்க்கலாம்: முதல் வகுப்பில் எல்லாரும் வெள்ளை க்ரேயானால் ஒரு ரகசியம் வரைவார்கள், தாளை அடுத்தவருக்குக் கொடுப்பார்கள், வண்ணம் பூசி வெளிக்கொண்டு வருவது அவர் வேலை. வெளிவந்ததைப் பார்த்து, அதில் தன் பங்குக்கு ஒன்று சேர்க்க வேண்டும்.

திட்டம் 2: ஒரே பச்சை இரண்டு முறை வரக்கூடாது (7 வயது முதல்)

நிறம் கலப்பதை வட்டம் போட்டு, கட்டம் கட்டி, 'சிவப்பும் மஞ்சளும் சேர்ந்தால் ஆரஞ்சு' என்று நிரப்பச் சொல்வது வழக்கம். பிள்ளைகள் நிரப்புவார்கள், மறப்பார்கள். அதற்குப் பதிலாக ஒவ்வொருவருக்கும் மஞ்சள், நீலம், வெள்ளை மூன்றும் பட்டாணி அளவு கொடுங்கள். பச்சைக் குப்பியைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒளித்துவிடுங்கள். ஒரு காடு வரைய வேண்டும், அதில் ஒரே பச்சை இரண்டு இடத்தில் வரக்கூடாது. விதி அவ்வளவுதான்.

முதல் ஐந்து நிமிடத்தில் எல்லாரும் மூன்று பச்சையோடு நின்றுவிடுவார்கள். அப்போது உதவி செய்யத் தோன்றும், செய்யாதீர்கள். யாராவது ஒருவர் வெள்ளையைத் தொடுவார். இன்னொருவர் கழுவாத பிரஷில் மிச்சமிருந்த நீலத்தால் ஒரு புது நிறத்தைக் கண்டுபிடித்துக் கத்துவார். அப்புறம் செய்தி மேசைக்கு மேசை பரவும். இருபது பச்சை வரை போகிற பிள்ளைகளும் உண்டு.

ஒரே ஒரு குறிப்பு மட்டும் முன்கூட்டிச் சொல்ல வேண்டும்: வெளிர் நிறத்தில் அடர் நிறத்தைத் துளித்துளியாகச் சேர்க்கவும். மஞ்சளில் ஒரு சொட்டு நீலம் விழுந்தாலே பச்சையாகிவிடும். நீலத்தை மஞ்சளால் மாற்ற வேண்டுமென்றால் கொடுத்த மஞ்சள் முழுவதும் தீர்ந்துவிடும், அப்போதும் மாறியிருக்காது.

இதையே ஆரஞ்சிலும் செய்யலாம். ஊதாவில் செய்யும்போது ஒரு சிக்கல் வரும்: பெட்டியில் இருக்கும் சிவப்பும் நீலமும் சேர்ந்து ஊதாவுக்குப் பதில் சேற்று நிறம் தரும். பிள்ளைகள் தாங்கள் கெடுத்துவிட்டதாக நினைப்பார்கள். காரணம் அந்தச் சிவப்பு மஞ்சள் பக்கம் சாய்ந்தது. அதோடு நீலம் சேர்ந்தால் மூன்று அடிப்படை நிறங்களும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன, மூன்றும் சேர்ந்தால் பழுப்புதான். ரோஜா பக்கம் சாய்ந்த சிவப்பை, அதாவது மெஜந்தாவை, வாங்கி வையுங்கள். ஊதா பளிச்சென்று வரும். அச்சகங்களில் சிவப்பு, நீலத்துக்குப் பதிலாக மெஜந்தாவும் சியானும் (பச்சை பக்கம் சாய்ந்த நீலம்) பயன்படுவது இதே காரணத்துக்குத்தான்.

கறுப்பு வண்ணத்தை முதல் சில மாதங்கள் கொடுக்காமல் இருப்பது என் வழக்கம். கறுப்பு இருந்தால் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் கோடு கட்டுவார்கள், இருட்டு வேண்டுமென்றால் அதையே எடுத்துப் பூசுவார்கள். இல்லாவிட்டால் நீலத்தோடு பழுப்பு சேர்த்துப் பார்ப்பார்கள். அந்தக் கருமை ஆழமாக இருக்கும்.

புள்ளி வைத்து வரைவதைப் பற்றி ஒரு சொல். பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சூரா நிறங்களைக் கலக்காமல் சிறுசிறு புள்ளிகளாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தள்ளி நின்று பார்க்கும் கண்ணில் அவை கலந்து தெரியும். ஆற்றங்கரைத் தீவில் மக்கள் பொழுதுபோக்கும் அவருடைய பெரிய ஓவியம் ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரம், மூன்று மீட்டர் அகலம். 1884இல் தொடங்கி 1886இல் முடிந்தது. பெரியவருக்கே அத்தனை காலம். பிள்ளைகளுக்கு ஏ4 தாளைக் கொடுத்துப் புள்ளியால் நிரப்பு என்றால் பத்தாவது நிமிடத்தில் வெறுத்துவிடும். அஞ்சலட்டை அளவில் தாள், பஞ்சு முனைக் குச்சி, இரண்டே நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திட்டம் 3: தேய்த்து எடு, வெட்டு, ஒட்டு (6 வயது முதல்)

முதல் வகுப்பு: மெல்லிய தாளும் உறை உரித்த க்ரேயானும் கொடுத்துப் பள்ளியைச் சுற்றி வரச் செய்யுங்கள். இந்த ஒரு வேலைக்கு 70 ஜி.எஸ்.எம். தாள்தான் சரி. இலை, மரப்பட்டை, செருப்பின் அடி, சுவர், கம்பி வலை என எதன்மேலும் தாளை வைத்து, க்ரேயானைப் படுக்கவைத்துத் தேய்த்தால் அதன் மேடு பள்ளம் தாளில் ஏறும். 1925இல் ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் ஒரு பழைய மரத்தரையின் ரேகைகளை இப்படித் தேய்த்தெடுத்து, அதில் தெரிந்த உருவங்களிலிருந்து படங்களை உருவாக்கினார்.

இரண்டாவது வகுப்பு: அந்தத் தாள்களை வெட்டி ஒரு விலங்கு செய்ய வேண்டும். யானைத் தோலுக்குச் சுவரா மரப்பட்டையா என்று பிள்ளைகள் வாதாடுவதைக் கேட்க வேண்டும்! பென்சிலால் வரைந்துகொண்டு வெட்டாமல் நேராகவே வெட்டச் சொல்லுங்கள். 1941இல் பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நின்று ஓவியம் தீட்டுவது சிரமமாகிவிட்ட பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீஸ், உதவியாளர்கள் வண்ணம் பூசிக் கொடுத்த தாள்களைக் கத்தரிக்கோலால் வெட்டியே கடைசிக் காலத்தின் பெரிய வேலைகளைச் செய்தார். வெட்டியதில் மீந்த துண்டையும் தூக்கிப்போட வேண்டாம். துளை விழுந்த அந்தத் தாளும் ஒரு வடிவம்தான்.

பசை குறைவாக இருக்கட்டும். ஓரங்களில் மெல்லிய கோடு, நடுவில் ஒரு புள்ளி. ஒட்டுவதற்கு முன் எல்லாத் துண்டுகளையும் தாளின் மேல் பரப்பி, இரண்டு மூன்று விதமாக நகர்த்திப் பார்க்க வேண்டும் என்பது கட்டாயம்.

திட்டம் 4: தட்டில் அச்சு (8 வயது முதல்)

கழுவிக் காய்ந்த தெர்மோகோல் தட்டின் தட்டையான அடிப்பாகத்தை வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். மழுங்கிய பென்சிலால் அதில் அழுத்தி வரைந்தால் கோடு பள்ளமாகும். உருளையால் மை தடவும்போது பள்ளத்தில் மை படாது. ஆகவே வரைந்த கோடு அச்சில் தாளின் நிறத்தில் நிற்கும், மற்ற இடமெல்லாம் மை. இந்தத் தலைகீழ்க் கணக்கு பிள்ளைகளுக்குப் புரிய ஒரு அச்சு எடுத்துப் பார்ப்பதே வழி. எழுத்தும் திரும்பி விழும். பெயர் எழுதுகிறவர்கள் முதலில் தாளில் எழுதி, சன்னலில் பின்பக்கமாக வைத்துப் பார்த்துப் படியெடுக்கட்டும்.

மை எவ்வளவு என்பதைக் காதால் சொல்லலாம். உருளையை ஓட்டும்போது மெலிதாகச் சரசரவென்று ஒட்டிப் பிரியும் சத்தம் வந்தால் அளவு சரி. சளசளவென்று வழுக்கினால் மை அதிகம், பள்ளமெல்லாம் நிரம்பிக் கோடு மறைந்துவிடும். தாளை மேலே வைத்து, ஒரு கையால் நகராமல் பிடித்து, மறு உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேய்க்கவும். ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்து, மங்கலாக இருந்தால் மறுபடி தேய்த்துக்கொள்ளலாம்.

முதல் அச்சைப் பார்த்து யாரையும் முடிவு கட்ட விடாதீர்கள். தட்டு மையை ஏற்றுக்கொள்ள ஓரிரு அச்சு ஆகும். இரண்டாவது, மூன்றாவதுதான் தெளியும். போஸ்டர் கலரை மையாகப் பயன்படுத்தினால் சீக்கிரம் காய்ந்துவிடும். இருவர் இருவராக, ஒருவர் மை தடவ, மற்றவர் தாள் வைக்க என்று பிரித்துக்கொண்டால் நேரத்துக்குள் முடியும்.

பத்து வயதுக்கு மேல் பல நிற அச்சு. மஞ்சளில் ஐந்தாறு அச்சு எடுத்துவிட்டு, அதே தட்டில் மஞ்சளாகவே இருக்க வேண்டிய இடங்களையும் அழுத்திப் பள்ளமாக்கி, முதல் அச்சின் மேலேயே சிவப்பை அடிக்க வேண்டும். பிறகு இன்னும் கொஞ்சம் அழுத்தி, அடர் நீலம். ஒவ்வொரு கட்டத்திலும் தட்டு குறைந்துகொண்டே போகும், பின்வாங்க முடியாது. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அந்தத் துணிச்சல் பிடிக்கும்.

திட்டம் 5: களிமண் (எல்லா வயதும்)

மிகவும் பிடித்த வேலை எது என்று பிள்ளைகளைக் கேட்டால் களிமண் என்பார்கள். ஆசிரியர்கள் தயங்குவதும் இதற்குத்தான். தயக்கம் பெரும்பாலும் விரிசலைப் பற்றியது. வெள்ளிக்கிழமை அருமையான யானை, திங்கட்கிழமை தும்பிக்கை தனியே கிடக்கும்.

ஏன் உடைகிறது? களிமண்ணிலிருந்து நீர் போகப் போக அது சுருங்கும். மெல்லிய பகுதி முதலில் காய்ந்து சுருங்கும், தடித்த உடல் இன்னும் ஈரமாக, சுருங்காமல் இருக்கும். இரண்டும் சேருமிடத்தில் இழுபறி வந்து விரிசல் விடும். ஆகவே மூன்று விஷயங்கள்.

முதலாவது, முடிந்தவரை ஒரே உருண்டையிலிருந்து இழுத்து உருவாக்கச் செய்யுங்கள். காலை ஒட்டவைக்க வேண்டாம், உருண்டையைக் கிள்ளி நீட்டினால் கால் வரும். ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு பக்கத்திலும் முள்கரண்டியால் கீறி, களிமண்ணை நீரில் கரைத்த குழம்பைத் தடவி, அழுத்தி, சேருமிடத்தை விரலால் இழைத்து மூட வேண்டும். வெறும் தண்ணீர் தொட்டு ஒட்டினால் காய்ந்ததும் விழும்.

இரண்டாவது, தடிமன். ஒரு விரல் அகலத்துக்கு மேல் எங்கும் வேண்டாம். பெரிய உருவம் என்றால் அடியிலிருந்து தோண்டி உள்ளே குடையச் சொல்லுங்கள்.

மூன்றாவது, அவசரப்படாமல் காயவைப்பது. முதல் இரண்டு நாள் பிளாஸ்டிக் உறையால் தளர்வாக மூடி, பிறகு திறந்து நிழலில். வெயிலில் வைத்தால் மேல்பக்கம் மட்டும் காய்ந்து வெடிக்கும்.

சூளையில் சுடும் வசதி இருந்தால் இன்னொன்று. உள்ளே காற்றுக்குமிழி இருந்தால் வெடிக்கும் என்று பலரும் சொல்வார்கள். உண்மையில் வெடிக்க வைப்பது ஈரம். உள்ளே தங்கிய நீர் ஆவியாகி வழி கிடைக்காமல் உடைத்துக்கொண்டு வருகிறது. நன்றாகக் காய்ந்ததா என்று பார்க்கக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

என்ன செய்யச் சொல்வது? சின்னவர்களுக்குக் கட்டைவிரல் கிண்ணம்: எலுமிச்சை அளவு உருண்டையின் நடுவில் கட்டைவிரலை அழுத்தி, சுற்றிக்கொண்டே கிள்ளிச் சுவரை மெலிதாக்க வேண்டும். அடியைக் குத்தித் துளைத்துவிடுகிற பிள்ளைகள் இருப்பார்கள், மறுபடி உருட்டிக்கொள்ளலாம். களிமண்ணின் பெரிய வசதியே அது. பெரியவர்களுக்கு அதே கிண்ணத்தை 'ஒரு உயிராக மாற்று' என்ற ஒரு வரி போதும். வாய் எது, முதுகு எது என்று கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அவர்களே முடிவு செய்வார்கள்.

வேலை முடிந்ததும் கையை நேராகக் குழாயடியில் கழுவ விடாதீர்கள், சாக்கடைக் குழாய் அடைத்துக்கொள்ளும். முதலில் ஒரு வாளி நீரில் அலசிவிட்டு, அப்புறம் குழாய். மேசையைக் காய்ந்த துணியால் தட்டவோ பெருக்கவோ கூடாது. களிமண் தூசியில் சிலிகா இருக்கிறது, மூச்சில் போவது நல்லதல்ல. ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

திட்டம் 6: காகிதக் கூழ்ப்பட்டை (8 வயது முதல், நான்கு வகுப்பு)

ஊதிய பலூனின் மேல் பழைய செய்தித்தாள் பட்டைகளைப் பசையில் தோய்த்து ஒட்டிக் காயவைத்தால் கெட்டியான ஓடு கிடைக்கும். பசைக்கு ஒரு பங்கு மாவுக்கு இரண்டு பங்கு நீர், அல்லது இரண்டு பங்கு வெள்ளைப் பசைக்கு ஒரு பங்கு நீர். கோதுமையோ பலூன் ரப்பரோ ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருக்கிறார்களா என்று முன்பே கேட்டு வையுங்கள்.

பட்டைகளைக் கத்தரிக்காமல் கையால் கிழிக்க வேண்டும். கிழிந்த ஓரம் நார்நாராக இருப்பதால் படிந்து ஒட்டும், வெட்டிய ஓரம் விளிம்பாக நிற்கும். முதல் அடுக்கு செய்தித்தாள், இரண்டாவது வெற்றுத்தாள், மூன்றாவது மறுபடி செய்தித்தாள் என்று மாற்றிக்கொண்டால் எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று பிள்ளைக்கே தெரியும். ஒவ்வொரு அடுக்கும் காய ஒரு நாள் விடவும். மூன்றையும் ஒரே நாளில் போட்டால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். பலூனைப் பட்டென்று உடைக்காமல் முடிச்சருகே சிறிதாக வெட்டிக் காற்றை மெதுவாக விடவும்.

ஓட்டைப் பாதியாக வெட்டினால் இரண்டு முகமூடி. முகமூடி யாருடையது என்பதை முதலில் தீர்மானிக்கச் சொல்லுங்கள்: 'கோபக்காரர், ஆனால் இப்போது பயந்திருக்கிறார்' என்கிற மாதிரி இரண்டு குணம். புருவம், மூக்கு, உதடு எல்லாம் அட்டைத் துண்டு ஒட்டி மேடாக்க வேண்டும், வண்ணம் கடைசியில்தான்.

திட்டம் 7: கண்ணாடியில் என் முகம் (9 வயது முதல்)

'எனக்கு வராது' என்கிற வயதுக்கு இது மருந்து. பெரும்பாலான பிள்ளைகள் கண்ணை நெற்றியில் வரைவார்கள். திருத்த வேண்டாம், அளக்கச் சொல்லுங்கள். கண்ணாடி முன்னால் நின்று உச்சந்தலையிலிருந்து கண் வரை பென்சிலால் ஒரு அளவு, கண்ணிலிருந்து தாடை வரை இன்னொரு அளவு. இரண்டும் ஏறக்குறைய ஒன்று என்று தெரிந்ததும் நம்ப மாட்டார்கள், பக்கத்துப் பிள்ளையின் தலையையும் அளப்பார்கள். முகத்தின் அகலத்தில் சுமார் ஐந்து கண் அடங்கும் என்பதையும், இரண்டு கண்ணுக்கும் நடுவில் ஒரு கண் அளவு இடம் இருக்கிறது என்பதையும் அவர்களே கண்டுபிடிக்கட்டும். காது தோராயமாகப் புருவத்திலிருந்து மூக்கின் அடி வரை.

அளவு முடிந்ததும் அதை மறந்துவிட்டு உற்றுப் பார்க்க வேண்டும். யாருக்கு ஒரு புருவம் உயரம்? யாருடைய முடி நெற்றியில் எப்படித் தொடங்குகிறது? அங்கேதான் முப்பது முகமும் முப்பது முகமாகும்.

தோலின் நிறத்தைப் பெட்டியிலிருந்து எடுக்க விடாதீர்கள். எந்தக் க்ரேயானையும் 'தோல் நிறம்' என்று அழைக்கவும் வேண்டாம். சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை கொடுத்துக் கலக்கச் சொல்லி, புறங்கையின் மேல் ஒரு புள்ளி வைத்துப் பார்த்துச் சரிசெய்யட்டும். அது கண்ணில் படாமல் மறைந்தால் நிறம் கிடைத்துவிட்டது. திட்டம் 2இல் பச்சைக்காக உழைத்தவர்களுக்கு இது கடினமாக இருக்காது.

திட்டம் 8: வகுப்பே சேர்ந்து ஒரு சுவரோவியம்

ஒரு படத்தை 4 செ.மீ. சதுரங்களாகப் பிரித்து, அகலத்தில் ஆறு, உயரத்தில் ஐந்து என முப்பது துண்டாக்கி, ஒருவருக்கு ஒன்று. ஒவ்வொருவரும் தன் துண்டை 20 செ.மீ. சதுரத் தாளில் பெரிதாக்க வேண்டும். பின்னால் எண்ணும், எது மேல்பக்கம் என்று ஒரு அம்புக்குறியும் கட்டாயம். இல்லாவிட்டால் ஒட்டும் நாளில் அரைமணி நேரம் போய்விடும். கோடு எங்கே ஓரத்தைத் தொடுகிறதோ அந்த இடத்தை மட்டும் பக்கத்துத் துண்டுக்காரரோடு பேசி ஒத்துப்பார்த்துக்கொள்ள வேண்டும். நிறம் அவரவர் விருப்பம். முழுதும் சேர்ந்ததும் தள்ளிப் பார்த்தால் ஒரு படம், கிட்டே போனால் முப்பது.

நடுவில் வரும் சங்கடங்கள்

ஐந்து நிமிடத்தில் 'முடிச்சிட்டேன்' என்று வரும் பிள்ளையிடம் 'இன்னும் வரை' என்று சொல்லிப் பயனில்லை. படத்தில் ஒரு இடத்தைக் காட்டி, 'இங்கே என்ன நடக்கிறது?' என்று கேளுங்கள். பதில் வந்தால் அதை வரையச் சொல்லுங்கள். பதில் இல்லையென்றால் உண்மையாகவே முடிந்துவிட்டது, இன்னொரு தாள் கொடுங்கள்.

'இது என்ன?' என்று கேட்காதீர்கள். தெரியவில்லை என்று சொல்வதாகிவிடும். 'இதைப் பற்றிச் சொல்லு' என்றால் கதையே வரும். 'சூப்பர்' என்பதும் அதிகம் உதவாது. 'இந்த நீலம் மேலே போகப் போக வெளுத்துக்கொண்டே போகிறதே' என்று கண்ணில் பட்டதைச் சொன்னால் அடுத்த படத்தில் பிள்ளை அதை வேண்டுமென்றே செய்யும்.

பிள்ளையின் தாளில் உங்கள் கை படவே கூடாது. உதவி வேண்டுமென்றால் பக்கத்தில் வேறு தாளில் வரைந்து காட்டி, அதைக் கசக்கிப் போட்டுவிடுங்கள். தாளைக் கிழிக்கப் போகிற பிள்ளையிடம் கிழிக்கும் உரிமை உண்டு என்றே சொல்லுங்கள், ஆனால் கிழித்த துண்டுகளை வாங்கி ஒரு பெட்டியில் வையுங்கள். வெட்டி ஒட்டும் வகுப்பில் அவை நல்ல சரக்கு.

சுவரில் மாட்டுவது

சிறந்த பத்தை மட்டும் மாட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். எல்லாருடையதும், அல்லது யாருடையதும் இல்லை. மாட்டும் உயரம் பிள்ளையின் கண் மட்டம், பெரியவருடையது அல்ல. படத்தின் அடியில் பெயரோடு ஒரு வரி, பிள்ளை சொன்ன சொல்லிலேயே. திருத்தாமல் எழுதுங்கள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரிய அட்டை உறை இருக்கட்டும். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் தேதி. களிமண், முகமூடி போன்றவற்றைப் புகைப்படம் எடுத்து உறையில் போட்டுவிட்டுப் பொருளை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். ஆண்டு முடிவில் உறையிலிருந்து எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். நீங்கள் மிகவும் ரசித்த படத்தை அது விட்டுவிடலாம், வாயைத் திறக்காதீர்கள்.